பேர் போடாத ரசிகர் கூட்டம் எத்தனை வருஷம் தாங்கும்?

#1 · பழைய ரிக்கார்டு (ரங்கூன்)

பழைய தமிழ்ப் பாட்டு ரசிகர்களுக்குன்னு இங்க பர்மாவுல இருக்கிற ஃபேஸ்புக் குழுக்கள் ஒண்ணொண்ணா அடங்கிட்டு வருது. 2014-ல சிம் கார்டு 1,500 கியாட்டுக்கு இறங்கினப்போ கூட்டம் கூட்டமா வந்தவங்க, 2021 பிப்ரவரியில ஃபேஸ்புக்கைத் தடுத்ததும் பாதிப் பேர் திரும்பல. விபிஎன் (தடையைச் சுத்திப் போற செயலி) போட்டு வர்றவங்களும் லைக் போட்டுட்டுப் போயிடறாங்க, எழுதறது கிடையாது. அட்மின் கணக்கு முடங்கினா குழுவே ஆளில்லாத வீடுதான்.

அதனால ஒரு யோசனை. பேர், போன் நம்பர், மெயில் எதுவும் கேக்காத ஒரு சின்ன எழுத்துப் பலகை. யார் வேணா வந்து எழுதலாம். இந்த மாதிரி இடம் ஒரு ரசிகர் கூட்டத்தோட ஆயுசைக் கூட்டுமா, குறைக்குமா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. "ஆரம்பிச்சுப் பாரு"ன்னு மட்டும் சொல்லாதீங்க.

#2 · மோல்மேன் மைனர்

குறைக்கும். 2011-ல ஃபோர்சான்ங்கிற பேரில்லாப் பலகைத் தளத்தைப் பத்தி ஒரு ஆய்வு வந்துச்சு. பதிவுல 90 சதவீதத்துக்கு மேல பேரே இல்ல. ஒரு இழையோட (ஒரு பேச்சும் அதுக்கு வர்ற பதில்களும்) ஆயுசு நடுமதிப்புல 3.9 நிமிஷம். ஒரு பாட்டு ஓடி முடியறதுக்குள்ள பேச்சே அழிஞ்சிருக்கும். ஞாபகமே இல்லாத கூட்டத்துக்கு எங்கேருந்து ஆயுசு?

#3 · ஐராவதி

மைனர், அந்தக் கணக்கு அந்தத் தளத்துலயே ரொம்ப வேகமான ஒரே ஒரு பலகையில எடுத்தது. வேகம் குறைஞ்ச பலகைகள்ல ஒரு இழை நாள்கணக்கில், சிலது வாரக்கணக்கில் கூட கிடக்கும். ஆனா நீங்க சொல்றதுல பாதி சரி: பலகை மறக்கும், மறக்கிற மாதிரிதான் கட்டியிருக்காங்க. 10 பக்கம், பக்கத்துக்கு 10 இழைன்னா மொத்தம் 100. 101-ஆவது இழை வந்ததும் கடைசியில கிடக்கிறது விழுந்துடும்.

அப்புறம் எப்படி அங்க பிறந்தது பிழைச்சுது? எஸ்சிபியை எடுத்துக்கங்க, கற்பனை அமானுஷ்யப் பொருள்களைப் பத்திப் பல பேர் சேர்ந்து எழுதற கதைத் தொகுப்பு. 2007-ல ஃபோர்சானோட அமானுஷ்யப் பலகையில யாரோ பேர் போடாம ஒரே ஒரு குறிப்பு எழுதினாங்க, 173-ன்னு நம்பர் போட்டு. அதைப் பார்த்து மத்தவங்க அதே நடையில எழுத ஆரம்பிச்சாங்க. அங்கேயே விட்டிருந்தா மாசத்துல மறைஞ்சிருக்கும். 2008-ல அதை விக்கிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. விக்கியில எழுத கணக்கு வேணும், விண்ணப்பம் போட்டு உள்ள வரணும். வாசகர் ஓட்டு கழித்தல் 10-க்குப் போனா அந்தப் பக்கத்தை நீக்கலாம்னு விதி. இன்னிக்கும் ஓடிட்டிருக்கு.

ஆக ரெண்டு இடம் வேணும். பேச ஒண்ணு, அங்க பேர் வேண்டாம். சேர்த்து வைக்க ஒண்ணு, அங்க யாரோ பொறுப்பேத்துக்கணும். ரெண்டையும் ஒரே இடத்துல வைக்கப் போனாத்தான் கெட்டுப்போகுது.

#4 · பெயரிலி

பேச ஏன் பேர் வேண்டாம்னு ஒரு காரணம் சேர்த்துக்கறேன். ரங்கூன், பெகு, தட்டோன், மோல்மேன் எல்லாம் சேர்த்தாலும் தமிழ்ல எழுதற கூட்டம் சின்னது. கோயில் கமிட்டி, கல்யாண வீடு, டியூஷன் எல்லாத்துலயும் அதே முகங்கள். "அந்த இசையமைப்பாளர் 80-க்கு அப்புறம் போட்டதெல்லாம் சுமார்"னு பேரோட எழுதினா, மறுநாள் பதில் ஃபேஸ்புக்ல வராது, வீட்டுக்கு வரும். பெரியவர் தப்பா ஒரு வருஷம் சொன்னா சின்னப் பையன் திருத்த மாட்டான். மரியாதைன்னு விட்டுடுவான். தப்பு அப்படியே நிலைச்சிடும்.

பேர் போனா வயசும் போகுது. சொன்னது சரியாங்கிறது மட்டும்தான் மிச்சம்.

இன்னொண்ணு, பேரோட நடக்கிற இடத்துல நாலஞ்சு பேர் நட்சத்திரமாயிடுவாங்க. அவங்க சண்டை போட்டுப் பிரிஞ்சா கூட்டமும் ரெண்டாகும். அவங்க ஓய்ஞ்சா கூட்டமும் ஓயும். பேரில்லாத இடத்துல பத்து வருஷம் எழுதினவர் போனாலும் யாருக்கும் தெரியாது. கொடுமைதான், ஆனா கூட்டம் நிக்கும்.

#5 · பசுண்டான்22

பேரில்லாத கூட்டத்துக்கு ஞாபகம் எங்க இருக்குங்கிறதுதான் நுணுக்கம். முதல் பதிவுல இருக்கு.

1999-ல தொடங்கின ஜப்பான் 2சானல்ல ஒரு இழை 1,000 பதிவோட மூடிக்கும். அதனால 950-க்கு மேல யாராவது அடுத்த இழையைத் திறக்கணும்னு பழக்கம். எந்த நம்பர்ங்கிறது பலகைக்குப் பலகை மாறும். அப்படித் திறக்கறப்போ பழைய முதல் பதிவை அப்படியே ஒட்டுவாங்க: விதி, அடிக்கடி வர்ற கேள்விக்குப் பதில், முந்தின இழையோட முகவரி, வெளியே இருக்கிற தொகுப்போட முகவரி. ஃபோர்சான்ல "பொது இழை"ன்னு நடக்கிறதும் இதேதான். ஆள் மாறிக்கிட்டே இருப்பாங்க, ஒட்டற துண்டு மாறாது.

நமக்குன்னா முதல் பதிவு 15 வரிக்கு மேல போகக்கூடாது. போனா யாரும் படிக்காம ஒட்டுவாங்க, செத்துப்போன முகவரி வருஷக்கணக்கா கூடவே வரும். இழை நம்பர் கட்டாயம். ரெண்டு பேர் ஒரே நேரத்துல அடுத்த இழையைத் திறந்துட்டா பதிவு எண் எது சின்னதோ அதுதான் செல்லும், மத்ததைப் பூட்டணும். இதை முன்கூட்டியே எழுதி வைக்கலேன்னா அதுக்கே ஒரு நாள் சண்டை.

முக்கியமா, பலகை ஒண்ணே ஒண்ணு போதும். புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் ஒரே மாதிரி கெடுத்துக்கறாங்க: பாட்டுக்கு ஒண்ணு, படத்துக்கு ஒண்ணு, பொதுவா ஒண்ணுன்னு பத்து பலகை. தினம் 20 பதிவு வர்ற கூட்டத்தைப் பத்தாப் பிரிச்சா பலகைக்கு ரெண்டு. வந்து பார்க்கிறவன் காலி வீடுன்னு நினைச்சுத் திரும்பிடுவான்.

#6 · மோல்மேன் மைனர்

எல்லாம் சரி. ஒருத்தரே பத்துப் பேர் மாதிரி எழுதி, தனக்குத்தானே ஆமாம் போட்டா? நம்ம கூட்டத்துல அதுக்கு ஆள் பஞ்சம் இல்ல.

#7 · பசுண்டான்22

அதுக்குத்தான் இழைக்குள்ள அடையாள எண். 2சானல்ல ஐபி முகவரியையும் (நெட்ல நம்ம இணைப்போட எண்) தேதியையும் கலந்து ஒரு எண் வரும்; நள்ளிரவுல மாறிடும். அன்னிக்கு முழுக்க ஒரே ஆள்னு தெரியும், நாளைக்குத் தொடராது.

ஆனா அதை அப்படியே இங்க கொண்டுவந்தா சிக்கல். நம்ம மொபைல் டேட்டாவுல ஒரே பொது ஐபிக்குப் பின்னால கணக்கில்லாத ஆளுங்க இருப்பாங்க. விபிஎன் போட்டா இன்னும் மோசம், வெளியேறும் வாசல் ஒண்ணுதான். ஐபியை வச்சு எண் கொடுத்தா சம்பந்தமே இல்லாத மூணு பேர் ஒரே ஆளாத் தெரிவாங்க. அப்புறம் "நீதான் அவன்"னு வழக்கு. ஐபியைத் தடை பண்ணினா ஒருத்தனோட தெருவே வெளிய நிக்கும். இங்க பிரவுசர்ல ஒரு தற்செயல் குக்கி (தளம் வச்சுட்டுப் போற சின்னக் குறிப்பு) போட்டு, அதையும் இழை எண்ணையும் சேர்த்து அடையாள எண் எடுக்கிறது நல்லது. குக்கியை அழிச்சா ஏமாத்தலாம், உண்மைதான். புதுக் குக்கிக்கு முதல் பதிவு போட 60 வினாடி காத்திருப்பு வச்சா சோம்பேறி ஏமாத்துக்காரன் நின்னுடுவான். சோம்பேறி இல்லாதவனை எந்த முறையும் நிறுத்தாது.

இன்னொரு எச்சரிக்கை. "ஐபியை சேமிக்கல, ஹாஷ் மட்டும்தான் வச்சிருக்கோம்"னு, அதாவது அதைக் கலக்கி எடுத்த குறியீடு மட்டும்தான்னு, சொல்ற தளங்களை நம்பாதீங்க. பழைய வகை ஐபி மொத்தமே சுமார் 429 கோடிதான். ரகசியச் சொல் சேர்க்காத ஹாஷ்னா எல்லாத்தையும் வரிசையா போட்டுப் பார்த்து ஒரு சாதாரண கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சிடும். சர்வர்ல ஒரு ரகசியச் சொல் சேர்க்கணும், அதையும் தினமும் மாத்தி பழசை அழிச்சிடணும்.

#8 · பெகு தம்பி

அண்ணே, நான்தான் அந்தப் பாட்டுப் பட்டியல் போட்டவன்னு அடுத்த மாசம் நிரூபிக்கணும்னா? அதுக்கு வழி இருக்கா?

#9 · பசுண்டான்22

இருக்கு தம்பி, டிரிப்கோடுன்னு பேரு. பேர் கட்டத்துல பேருக்கு அப்புறம் ஹாஷ் குறி (#) போட்டு ஒரு கடவுச்சொல் அடிச்சா, அதைச் சுருக்கி 10 எழுத்து காட்டும். கடவுச்சொல் தெரிஞ்சவருக்கு மட்டும் அதே 10 எழுத்து வரும். கணக்கு, மெயில் எதுவும் தேவையில்ல. ஆனா பழைய முறை கடவுச்சொல்லோட முதல் 8 எழுத்தை மட்டும்தான் பார்க்கும், உடைக்கிறது சுலபம். ஹாஷ் குறியை ரெண்டு தடவை போடற வகை சர்வரோட ரகசியத்தையும் சேர்த்துக்கும், அதைப் பயன்படுத்துங்க.

தொகுப்பாளர் வேலை செய்றப்ப மட்டும் இதைப் போடணும். சும்மா அரட்டைக்கும் டிரிப்கோடு போட ஆரம்பிச்சா மறுபடி நட்சத்திரக் கூட்டம்தான், #4 சொன்ன மாதிரி.

#10 · ஐராவதி

சர்வர் பக்கம் கெட்டுப்போனதுக்கு ரெண்டு உதாரணம். நடத்தப் போறவங்க மனசுல வச்சுக்கணும்.

2013 ஆகஸ்ட்ல 2சானலோட காசு கட்டிப் பழைய இழை படிக்கிற சேவையிலேருந்து வாடிக்கையாளர் விவரம் வெளிய வந்துடுச்சு, கிரெடிட் கார்டு உட்பட. அதோட யார் எந்தப் பதிவு போட்டாங்கங்கிற தொடர்பும். பேரில்லாம எழுதறோம்னு நினைச்சவங்க பேரோட மாட்டினாங்க. காசு வாங்கற இடமும் எழுதற இடமும் ஒரே தரவுத்தளத்தைத் தொடக்கூடாது. நன்கொடை வாங்கினா வேற இடத்துல வாங்குங்க.

2025 ஏப்ரல்ல ஃபோர்சானுக்குள்ள புகுந்தாங்க. பிடிஎஃப் மாதிரி வேஷம் போட்ட ஒரு கோப்பை ஏத்தி, வருஷக்கணக்கா புதுப்பிக்காத ஒரு பழைய நிரல் வழியா. மாடரேட்டர்களோட மெயில் முகவரி வெளிய வந்துச்சு, தளம் ரெண்டு வாரம் போல படுத்துச்சு. திரும்பி வந்தப்போ பிடிஎஃப் வசதி இல்ல, ஃபிளாஷ் பலகையும் இல்ல. 2003-லேருந்து ஓடற இடத்துக்கே இந்த கதி.

நம்ம பலகையில எழுத்து, ஜேபெக் படம், அவ்வளவுதான். படம் 1 எம்பிக்குள்ள. ஏத்தினதும் சர்வர் அதைத் திரும்ப எழுதணும், அப்பதான் போன் கேமரா பதிச்ச இடமும் நேரமும் போகும். கோப்புப் பேரையும் மாத்தணும். ரிக்கார்டு உறையைப் படம் பிடிச்சுப் போடறவர் தன் வீட்டு ஜிபிஎஸ்ஸையும் சேர்த்துப் போடறார்னு அவருக்கே தெரியாது.

பாட்டுக் கோப்பு, முழுப் பாட்டு வரிகள் ரெண்டும் வேண்டாம். உரிமையாளர் ஒரு கடிதம் போட்டா ஹோஸ்டிங் நிறுவனம் தளத்தையே இறக்கிடும். பட்டியல், பாடினவர், ராகம், தட்டு எண், நம்மளே எழுதின ரசனைக் குறிப்பு. இது போதும்.

#11 · பெயரிலி

உரிமைன்னதும் ஞாபகம் வந்துச்சு. பலகையோட அடியில முதல் நாளே ஒரு வரி இருக்கணும்: "இங்க எழுதறதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மூலத்தைச் சொல்லணும், அதே நிபந்தனையில பகிரணும்." கிரியேட்டிவ் காமன்ஸ்ல இதுக்குன்னே உரிமம் இருக்கு, எஸ்சிபியும் அதுலதான் இருக்கு. ஏன் முதல் நாளே? பேரில்லாதவர்கிட்ட அஞ்சு வருஷம் கழிச்சுப் போய் அனுமதி கேக்க முடியாது. தளம் மாத்த வேண்டி வந்தா அவ்வளவு எழுத்தும் யாருக்கும் சொந்தமில்லாம மாட்டிக்கும்.

எஸ்சிபிக்கும் இதுல ஒரு தலைவலி இருந்துச்சு. 173-க்குப் போட்ட படம் ஒரு ஜப்பான் சிற்பியோட படைப்பு. அந்த உரிமத்துக்குள்ள வரல. ரொம்ப வருஷம் விட்டு வச்சுட்டு, 2022 பிப்ரவரியில படத்தை எடுத்துட்டாங்க. அந்த உலகத்துக்கே முகமா இருந்த படம் அது.

ஆளு ஒதுங்கணும்னா என்ன பண்றதுன்னும் யோசிக்கணும். ரசிகர் கதைகளுக்கான ஏஓ3 காப்பகத்துல (2009-லேருந்து இருக்கு) ஒரு நல்ல ஏற்பாடு. எழுதினவர் விலகணும்னா கதையை அழிக்க வேண்டாம்; பேரை மட்டும் கழட்டி ஒரு பொதுக் கணக்குக்கு மாத்திடலாம். கதை அங்கேயே இருக்கும், வந்த பின்னூட்டமும் இருக்கும். ஒரு தடவை கழட்டினா திரும்ப மாட்ட முடியாது. நம்ம தொகுப்புக்கும் இந்த வசதி வேணும். வேலை மாறி, ஊர் மாறி, சிங்கப்பூர் போய், "என் பேரை எடுத்துடுங்க"ன்னு கேக்கறவங்க எழுத்தையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிடறதுதான் இப்ப நடக்குது.

#12 · பழைய ரிக்கார்டு (ரங்கூன்)

இவ்வளவு வரும்னு எதிர்பார்க்கல. மொழிச் சிக்கல் ஒண்ணு இருக்கே. நம்ம பிள்ளைங்க நிறைய பேர் தமிழ் பேசுவாங்க, படிக்க மாட்டாங்க. தமிழ்ப் பாட்டை பர்மிய எழுத்துல எழுதறாங்க, இல்லேன்னா ஆங்கில எழுத்துல. தேடினா எதுவும் கிடைக்காது.

#13 · ஐராவதி

அதுக்குத் தொகுப்புல ஒவ்வொரு பாட்டுக்கும் மூணு தலைப்பு வரி: தமிழ், பர்மிய எழுத்து, ஆங்கில எழுத்து. ஆங்கில எழுத்துல ஒண்ணு போதாது. "zh" போடறவங்க, "l" போடறவங்கன்னு ரெண்டு மூணு வகையும் சேர்த்து வைங்க. பர்மிய எழுத்துல எழுதறப்போ ல, ள, ழ மூணும் பெரும்பாலும் ஒரே எழுத்தாயிடும், அதனால அங்கேருந்து தமிழுக்கு இயந்திரத்தால திருப்ப முடியாது. ஆளு உக்காந்து திருத்தணும்.

பழைய சரக்கை ஏத்தறதுக்கு முன்னாடி குறியீட்டைப் பாருங்க. நாடு யூனிகோடுக்கு மாறின 2019 அக்டோபர் 1-க்கு முன்னாடி எழுதின பர்மிய எழுத்துல பெரும்பகுதி ஜோஜிங்கிற பழைய குறியீட்டுல இருக்கும். யூனிகோடு மாதிரியே அதே இடங்களைப் பிடிச்சுக்கிட்டு வேற வரிசையில உக்காந்திருக்கும். ஜோஜி எழுத்துரு இருந்தா கண்ணுக்குச் சரியாத் தெரியும், யூனிகோடு தேடலுக்குச் சிக்காது. தமிழ்லயும் டிஸ்கி, பாமினி மாதிரி பழைய குறியீட்டுல தட்டச்சு பண்ணின கோப்பு இன்னும் கிடக்கு. பொங்குதமிழ் மாதிரி மாற்றியில போட்டா வந்துடும். மாத்தினப்புறம் மூலக் கோப்பை அழிக்காதீங்க. கொம்பு, துணைக்கால் இடம் மாறியிருந்தா பின்னாடிதான் கண்ணுல படும்.

#14 · மோல்மேன் மைனர்

சரி, வாதத்துல கொஞ்சம் இறங்கி வரேன். ஆனா தளமே மூடிட்டா? ஜியோசிட்டீஸ் 2009-ல போச்சு. யாஹூ குழுமம் 2019 அக்டோபர்ல அறிவிச்சு, 2020 டிசம்பர்ல முழுசா மூடிட்டாங்க. எத்தனை மெயில் குழு அதோட போச்சு. இங்க அதெல்லாம் கூட வேண்டாம், கரண்ட் போனாலே போதும்.

#15 · பசுண்டான்22

கரண்டை நம்பாத மாதிரியே கட்டுங்க. விச்சான் மாதிரி பலகை நடத்தற நிரல் ஒவ்வொரு இழையையும் சாதாரண எச்டிஎம்எல் பக்கமா எழுதி வைக்கும். அந்த அடைவை அப்படியே நகல் எடுத்தா அதுதான் காப்பகம். தமிழ் எழுத்துக்குறி ஒண்ணுக்கு 3 பைட். 300 குறி இருக்கிற பதிவு 900 பைட், அப்படி 1,000 பதிவு இருக்கிற இழையோட எழுத்து மட்டும் 1 எம்பிக்குள்ளதான். இடத்தைத் தின்கிறது படம்தான்.

மாசம் ஒரு தடவை முழுத் தளத்தையும் வார்க் கோப்பா (இணையப் பக்கங்களை அப்படியே சேமிக்கிற வடிவம்) இறக்கி, அதை ஜிம் கோப்பா (நெட் இல்லாம படிக்கிற வடிவம்) மாத்துங்க. கிவிக்ஸ் செயலியில அது நெட் இல்லாம திறக்கும், உள்ளயே தேடலும் இருக்கும். போன் கடையில பாட்டு, படம் ஏத்தித் தர்ற மாதிரி மெமரி கார்டுல கொடுக்கலாம், ஜாப்யா செயலியில நெட் இல்லாமலே போனுக்குப் போன் அனுப்பலாம். எத்தனை போன்ல இருக்கோ அத்தனை காப்பு.

மெமரி கார்டுல ஒரு கண்ணி: 32 ஜிபி வரைக்கும் உள்ள கார்டு பெரும்பாலும் ஃபேட்32 வடிவத்துல வரும், அதுல ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. தாண்டினா நகல் ஆகாம நின்னுடும், ஆளுங்க கார்டு கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. படத்தைத் தனி ஜிம், எழுத்தைத் தனி ஜிம்னு பிரிச்சுடுங்க. எழுத்து மட்டும்னா கிவிக்ஸ் ஓடற பழைய போன்லயும் திறக்கும்.

கோப்புப் பேர்ல வருஷம், மாசம் கட்டாயம். இல்லேன்னா ஊர்ல நாலு வகை நகல் சுத்தும், எது புதுசுன்னு யாருக்கும் தெரியாது.

#16 · பெயரிலி

ஒரு விதியை யாரும் சொல்லல. அரசியல் வேண்டாம், ஆள் பேர் வேண்டாம், விபிஎன் விளம்பரமும் வேண்டாம். 2025-ல போட்ட சைபர் பாதுகாப்புச் சட்டம் அனுமதியில்லாம விபிஎன் சேவை நடத்தறதைக் குற்றமாக்கியிருக்கு. போனைத் திறந்து காட்டச் சொல்ற ஊர்ல பாட்டுப் பலகைன்னா பாட்டு மட்டும்தான் இருக்கணும். பேரில்லாம எழுதறது பக்கத்து வீட்டுக்காரர்கிட்டேருந்து காப்பாத்தும். அதுக்கு மேல பாதுகாப்புன்னு யாருக்கும் வாக்கு கொடுக்காதீங்க.

#17 · பழைய ரிக்கார்டு (ரங்கூன்)

புரியுது. கடைசியா டொமைன், அதாவது தளத்தோட முகவரிப் பேர். அதுக்குப் பேர் வேணுமே, காசு கட்ட வெளிநாட்டுக் கார்டும் வேணும்.

#18 · ஐராவதி

ஆமா, அங்க பேரில்லாம முடியாது. பேரில்லாத இடங்கள் பல இந்த ஒரு பேர்லதான் சாகுது. கார்டு காலாவதியாகும், மெயில் பார்க்கிறவர் இருக்க மாட்டார். டாட்காம் டொமைன் தேதி தாண்டினா, நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரைக்கும் வழக்கமான கட்டணத்துல புதுப்பிக்கலாம். அப்புறம் 30 நாள் அபராதத்தோட மீட்கலாம். அப்புறம் 5 நாள்ல விழுந்துடும், யார் வேணா எடுக்கலாம். எடுக்கிறவன் சூதாட்ட விளம்பரம் போடுவான், அத்தனை முதல் பதிவும் அங்க போய் நிக்கும்.

மூணு பேர் வேணும், மூணும் வெவ்வேற வீடு, ஒருத்தராவது வெளிநாடு. கணக்கோட மெயில் பொதுவானதா இருக்கட்டும், மீட்புக் குறியீட்டைக் காகிதத்துல எழுதி மூணு பேர்கிட்டயும் வைங்க. 3 வருஷத்துக்கு முன்பணம் கட்டுங்க. பதிவு விவரத்தை மறைக்கிற வசதியை இயக்குங்க. அந்த மூணு பேரும் பலகையில மத்தவங்க மாதிரி பேரில்லாமத்தான் எழுதணும். "நான்தான் ஓனர்"னு ஒரு தடவை எழுதினா அன்னிக்கே அது மறுபடி ஃபேஸ்புக் குழு.

#19 · மோல்மேன் மைனர்

ஓனர்னு எழுத மாட்டேன், என்னை அந்த மூணுல போட்டுக்கங்க. பினாங்குல தங்கச்சி வீடு இருக்கு, கார்டு வேலை செய்யும்.

#20 · பழைய ரிக்கார்டு (ரங்கூன்)

சரி மைனர். பசுண்டான் அண்ணே, முதல் பதிவு 15 வரியை நீங்களே எழுதி இங்க ஒட்டுங்க. பர்மியத் தலைப்பு சரிபார்க்க ரெண்டு எழுத்தும் நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும். பெகு தம்பி, உன்னால முடியுமா? முதல்ல 50 பாட்டு போதும்.

#21 · பெகு தம்பி

முடியும் அண்ணே. ஆனா தட்டு எண் எந்த உறையிலேருந்து எடுக்கறது? மறுபதிப்புக்கு எண் வேற வருது. ரெண்டையும் போடவா, முதல் பதிப்பு மட்டும் போதுமா?

#22 · ஐராவதி

ரெண்டையும் போடு. எந்த உறைன்னு பக்கத்துலயே எழுது. ஒண்ணு மட்டும் கையில இருந்தா மத்த கட்டத்தைக் காலியா விடு, ஊகிச்சு நிரப்பாதே.